மெயில் சர்வரை வெளியாரிடம் ஒப்படைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

திருப்பூரில் எங்கள் சிறிய ஏற்றுமதி அலுவலகத்துக்கு மெயில் சர்வர் அமைத்துத் தந்தவர்கள், ஆண்டுச் சந்தாவையும் வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்திருக்கும் யாருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ஆர்டர் முகவரிக்கு வரும் மெயில் முதலாளியின் ஜிமெயிலுக்கும் போக வேண்டும், சர்வரிலும் ஒரு நகல் இருக்க வேண்டும். நாங்கள் கேட்டது இவ்வளவுதான். அவர்களோ எந்த முகவரிக்கு வருவது எங்கே போக வேண்டும் என்று சொல்லும் விர்ச்சுவல் அலியாஸ் வரியில் ஜிமெயில் முகவரியை மட்டும் எழுதிவிட்டார்கள். அதே வரியில் எங்கள் சொந்த முகவரியையும் சேர்த்திருந்தால்தான் நகல் தங்கும்.

கொஞ்ச நாளில் ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆர்டர் மெயில்கள் வரவில்லை. கேட்டபோதெல்லாம் "அவங்க அனுப்பவே இல்லை சார்" என்றார்கள். ஆர்டர் கைவிட்டுப் போனது.

அப்புறம் வேறொரு சிஸ்டம் அட்மினை வைத்து மெயில் லாக்கைப் பார்த்தோம். மெயில் எங்கள் சர்வருக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. ஃபார்வர்டு ஆகும்போது அது எங்கள் ஐபியிலிருந்து போவதால் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்புபவரின் டொமைன் அனுமதித்த ஐபியிலிருந்துதான் மெயில் வருகிறதா என்று பார்ப்பது) தேறவில்லை. மெயில் வழியில் மாற்றப்படவில்லை என்று காட்டும் டிகேஐஎம் கையெழுத்தாவது காப்பாற்றியிருக்கும். ஆனால் இவர்கள் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் தங்கள் விளம்பர வரியை ஒட்டிவிட்டதால் அதுவும் செல்லாமல் போனது. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் வாடிக்கையாளரின் டிமார்க் கொள்கை 'ரிஜெக்ட்', அதாவது ஏற்காதே. ஜிமெயில் 550 பிழையோடு மறுத்துவிட்டது. அந்த ஆர்டர்கள் மென்பொருள் தானாக அனுப்புபவை, திரும்பிப்போன மெயிலைப் பார்க்க அங்கே ஆளில்லை.

லாக்கில் அதே க்யூ ஐடியோடு (ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் தரும் அடையாள எண்) இன்னொரு வரியும் இருந்தது. சர்வர் அமைத்தவர்களின் முகவரி, நிலை 'சென்ட்'. போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்-இல் ஆல்வேஸ்_பிசிசி போட்டு, வருவது போவது அத்தனைக்கும் தங்களுக்கு ஒரு நகல் எடுத்திருக்கிறார்கள். எங்கள் விலை விவரம், வங்கி மெயில் எல்லாம் அதில் அடக்கம். அனுப்புபவருக்கும் தெரியாது, பெறுபவருக்கும் தெரியாது. "அனுப்பவே இல்லை" என்ற ஆர்டரின் நகல் அவர்களுக்கே போயிருக்கிறது! கேட்டால் பேக்கப்புக்காகவாம். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. என்னைப் பொறுத்தவரை இது திருட்டு.

உங்கள் சர்வரில் ஆல்வேஸ்_பிசிசி, சென்டர்_பிசிசி_மேப்ஸ் (அனுப்புபவரைப் பொறுத்து நகல்), ரெசிபியன்ட்_பிசிசி_மேப்ஸ் (பெறுபவரைப் பொறுத்து நகல்) மூன்றிலும் என்ன இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மெயிலை வேறு முகவரிக்குத் திருப்பும் பயனர்களின் .ஃபார்வர்டு கோப்புகளையும் விடாதீர்கள். மெயில் பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் மென்பொருளின் சீவ் என்ற வடிகட்டும் விதிகளில் வெறும் 'ரீடைரக்ட்' இருந்தால் சர்வரில் நகல் தங்காது, ':காப்பி' சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் ஃபார்வர்டையே எடுத்துவிட்டு, முதலாளியின் போனில், சர்வரிலுள்ள மெயிலை நேரடியாகப் பார்க்கும் ஐமேப் வைத்துக் கொடுத்துவிட்டோம். சர்வரின் முழு அதிகாரம் உள்ள ரூட் பாஸ்வேர்டையும் மாற்றியாயிற்று.