டி டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாதுண்ணே!

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்திலிருந்து பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு வரலாம் என்று ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு ஏறுங்கள். ஐப்பசி மழையில் நான் ஏறினேன். 3,100 ரூபாய் போனதுகூடப் பெரிதில்லை. ஆறு வருஷக் கணக்கு போனது.

எனக்குக் கருவாட்டு வியாபாரம். நெத்திலி, காரல், சூடை எல்லாம் வாங்கிக் காயவைத்து வெளியூருக்கு அனுப்புவேன். 2019 வரை நோட்டுப் புத்தகம்தான். அதற்கப்புறம் மகள் எக்செல் போடக் கற்றுக்கொடுத்தாள். எந்தப் படகுக்காரருக்கு எவ்வளவு முன்பணம், எந்த ஊர்க் கடை எவ்வளவு பாக்கி, எல்லாம் அதில் ஏறிவிட்டது. வாடைக்காற்று வந்து படகுகள் கரையில் கிடக்கும் நாட்களில்தான் எனக்குக் கை ஓயும். அப்படி ஓய்ந்த ஒரு நாளில்தான் லேப்டாப் திரையில் விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் கிடையாது என்று வந்தது. மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன்.

கடைப் பையன் திறந்து பார்த்தான். “விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சுண்ணே. இன்னும் கொஞ்ச நாள்ல தானா நின்னுடும். விண்டோஸ் 11 இதுல ஏறாது. லினக்ஸ் போட்டுக்கங்க, பறக்கும்.”

இதில் பொய்யும் உண்மையும் கலந்தே இருந்தன. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றது உண்மை. ஆனால் லேப்டாப் தானாக நிற்காது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் அதற்கப்புறம் ஒரு வருஷம் நீட்டித்துக்கொள்ள மைக்ரோசாஃப்டே வழி வைத்திருந்தது. என்னுடையது இன்டெல் ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 11 பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காது, அதனால் ஏறாது என்றதும் உண்மை. லினக்ஸ் போடச் சொன்னதும் நல்ல யோசனைதான். நல்ல யோசனையோடு ஆரம்பித்ததால்தான் நான் மாட்டினேன்.

துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான்: லினக்ஸ் லைசென்ஸ் ஒரு வருஷம் 1,800, ஆண்டிவைரஸ் 600, போடும் கூலி 700. கூலி சரி. உழைத்தால் காசு வாங்கத்தான் வேண்டும். லினக்ஸை விலை வைத்து விற்பதும்கூட சட்டப்படி தப்பில்லை, அதன் பொது உரிமம் அதை அனுமதிக்கிறது. ஆனால் ‘ஒரு வருஷ லைசென்ஸ், அடுத்த வருஷம் புதுப்பிக்கணும்’ என்று ஒன்று எனக்குப் போட்டதில் இல்லவே இல்லை. பெரிய கம்பெனிகளுக்கு வருஷச் சந்தா வாங்கி உதவி தரும் லினக்ஸ்கள் உண்டு. வீட்டுக்குப் போடும் உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாம் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆண்டிவைரஸ் என்று எதுவும் போடவே இல்லை என்பது அப்புறம் தெரிந்தது.

“தம்பி, கணக்கெல்லாம் உள்ள இருக்கு, பாத்துச் செய்யுங்க” என்றேன்.

“எந்த டிரைவ்லண்ணே?”

“டி டிரைவ்.”

“டி டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாதுண்ணே. சி மட்டும்தான் அழியும்.”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு. சி, டி என்று விண்டோஸ் இரண்டு அலமாரிபோலக் காட்டுகிறதே, பெரும்பாலான லேப்டாப்பில் அவை இரண்டும் ஒரே டிஸ்க்கில் நடுவே கோடு போட்டுப் பிரித்த இரண்டு பங்குகள். விண்டோஸைத் திரும்பப் போடும்போது சி பங்கை மட்டும் அழித்துப் போடலாம். அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு அது. லினக்ஸ் போடும்போது முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள் என்றொரு வழி முதலிலேயே வரும். சுலபம் என்று அதைத் தட்டினால் கோடும் போச்சு, இரண்டு பங்கும் போச்சு. பையன் அதைத்தான் தட்டியிருக்கிறான்.

வீட்டில் திறந்தேன். கறுப்புத் திரை, அதில் ஒரு டிராகன். பேரனுக்குப் பிடித்துவிட்டது. எனக்கு எக்செல் கோப்பு எங்கே என்று தெரியவில்லை. எக்செல்லைத் திறக்கிற மென்பொருளும் இல்லை. மெனுவுக்குள் போனால் கடவுச்சொல் உடைக்க, வைஃபை ஊடுருவ என்று வரிசையாக ஏதேதோ. கடைக்கு போன் போட்டேன். “டிஸ்க் பழசுண்ணே, உப்புக் காத்துல ஃபைல் போயிருக்கும்” என்றான். கடலோரத்தில் கீபோர்டும் சார்ஜர் ஓட்டையும் உப்பில் அரித்துப்போவது உண்மைதான். அதற்காக உப்புக் காற்று எக்செல் கோப்பாகப் பார்த்துத் தின்னாது.

நான்கு நாள் அப்படியே நோண்டிக்கொண்டிருந்தேன். அது என் தப்பு. அப்டேட் வேறு கொடுத்துத் தொலைத்தேன்.

தங்கை மகன் மதுரையில் படிக்கிறான். சனிக்கிழமை வந்தவன் திரையைப் பார்த்துச் சிரித்தே விட்டான். “மாமா, இது காளி லினக்ஸ். உங்களுக்கு யாரு இதப் போட்டுக் கொடுத்தா?” காளி என்று படித்தாலும் காலி என்று படித்தாலும் என் விஷயத்தில் பொருத்தம்தான். 2013-இல் வந்தது அது. கணினிப் பாதுகாப்பைச் சோதிப்பவர்களுக்கென்றே செய்தது. லினக்ஸ் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது ஏற்றதல்ல என்று அதைச் செய்தவர்களே தங்கள் தளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பான சாமான் இல்லை, தப்பான ஆளுக்குக் கொடுத்த சாமான். நெத்திலிக்கு வலை கேட்டவனிடம் நண்டுவலையைக் கொடுத்து அனுப்பிய கதை. பையனின் பென்டிரைவில் அன்றைக்கு அதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் வேலையாக லேப்டாப்பை அணைக்கச் சொன்னான் மருமகன். அழிந்த கோப்பு டிஸ்க்கில் உடனே மறைந்துவிடாது. இடம் காலி என்று குறித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்பட்டால்தான் நிஜமாகப் போகும். நான் நான்கு நாளும் அந்த இடத்தில்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நல்லவேளை, என்னுடையது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி என்கிற சுழலாத புதுவகை டிஸ்க்காக இருந்திருந்தால் இந்த அளவுக்கு மீட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றான். பென்டிரைவிலிருந்தே கணினியைத் துவக்கி, ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, கிடைத்ததையெல்லாம் அவனுடைய வெளி டிஸ்க்கில் இறக்கினான். அதே டிஸ்க்கில் இறக்கினால் மிச்சமும் போய்விடுமாம். ராத்திரி முழுக்க ஓடியது. விடிந்து பார்த்தால் ஆயிரக்கணக்கில் கோப்புகள், ஒன்றுக்கும் பெயரில்லை. எஃப் என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டும். ஒவ்வொன்றாகத் திறந்து, இது சித்திரைக் கணக்கு, இது படகு முன்பணம் என்று நானும் மகளும் பெயர் வைத்தோம்.

அப்போது அவன் ஒன்று சொன்னான், அதைக் கேட்டதும்தான் எனக்குக் கடைக்காரன்மேல் கோபமே வந்தது. பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு, டிஸ்க்கைத் தொடாமலேயே ஓட்டிப் பார்க்கலாமாம். எனக்கு முன்னாலேயே மின்ட் லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான பதிப்பை அப்படி ஓட்டிக் காட்டினான். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பில் அடிக்கும் பிரிண்டரைத் தெரிகிறதா, தமிழ்99 விசைப்பலகை வருகிறதா, எல்லாம் அரை மணி நேரத்தில் பார்த்தாயிற்று. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் கொஞ்சம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். கடையில் இதை யாராவது செய்து காட்டியிருந்தால் அந்த டிராகனைப் பார்த்ததுமே வேண்டாம் தம்பி என்று எழுந்து வந்திருப்பேன்.

கடைக்குத்தான் போவேன் என்றால் போங்கள். ஆனால் முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கோ பென்டிரைவுக்கோ எடுத்துவிட்டு, அங்கே திறக்கிறதா என்று வேறு கணினியில் பார்த்துவிட்டுப் போங்கள். எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று பெயரைக் கேளுங்கள். “லினக்ஸ்தாண்ணே” என்பது பதில் இல்லை. பென்டிரைவிலிருந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸும் பக்கத்தில் இருக்கட்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. ஆடிட்டர் டேலி என்ற கணக்கு மென்பொருளில் கேட்பவராக இருந்தால் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. இன்னொன்று. என் லேப்டாப்பில் 8 ஜிபி ரேம் இருந்ததாக ஞாபகம், இப்போது 4 காட்டுகிறது. சாட்சி இல்லாததால் யாரையும் சொல்லவில்லை. நீங்கள் ரேம் எவ்வளவு என்று காட்டும் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள்.

இதில் வேடிக்கை, லினக்ஸ் எங்கள் வீட்டுக்குப் புதுசே இல்லை. மகளுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் என்கிற மத்திய அரசு நிறுவனம் டெபியனை வைத்துச் செய்தது. அது என்னவென்று ஒருத்தரும் சொல்லவில்லை. இடத்தை அடைக்கிறது என்று அழிக்கச் சொல்லி 200 ரூபாய் கொடுத்தது நான்தான்.

துண்டுச் சீட்டோடு திரும்பக் கடைக்குப் போனேன். ஆண்டிவைரஸ் காசு 600-ஐ மட்டும் பேசாமல் எடுத்து நீட்டினார் முதலாளி. லைசென்ஸைக் காட்டச் சொன்னேன், “அது ஆன்லைன்ல இருக்குண்ணே” என்றார். பில் கேட்டேன், சிஸ்டம் டவுன் என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். கடைப் பெயரோ தேதியோ இல்லாத துண்டுச் சீட்டை வைத்து எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டும். பில் வாங்காமல் வந்தது என் புத்தி.

இப்போது மின்ட்டில்தான் கணக்கு. இந்த 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் வரும். லிபரேஆஃபீஸ் என்ற இலவச மென்பொருள் எக்செல் கோப்பைத் திறக்கிறது. கூட்டல் வரிசை ஒன்றிரண்டு இடம் மாறியது, மகள் சரிசெய்தாள். தோண்டி எடுத்ததில் ஆடி மாதக் கணக்கு மட்டும் கிடைக்கவே இல்லை. அந்த மாதம் சரக்கு எடுத்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, உங்கள் பாக்கி எவ்வளவு என்று நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான்கு பேர் நோட்டைப் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஒருத்தர் மட்டும் போனை எடுப்பதே இல்லை.