மாவட்டத் தலைநகரில் ஒரு சிறிய தனியார் சட்டக் கல்லூரி: மூன்றாண்டு எல்.எல்.பி. படிப்பு குறித்து

தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற ஒரு சிறிய தனியார் கல்லூரியில் மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தனியார் சட்டக் கல்லூரிகளைத் தடைசெய்து 2014இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்த பிறகு தொடங்கப்பட்ட கல்லூரிகளுள் இதுவும் ஒன்று.

இதன் உண்மையான பலம் வகுப்பில் ஆள் குறைவு என்பதே. பாடத்திட்டப்படி ஒவ்வொரு மாணவரும் மூன்று மாதிரி நீதிமன்ற வழக்குகளில் வாதாட வேண்டும். கூட்டம் மிகுந்த இடங்களில் இது பதிவேட்டோடு முடிந்துவிடுவதுண்டு. இங்கோ ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஒருவர் அமர்ந்து, நாம் வாயைத் திறந்ததுமே “எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள்?” என்று இடைமறிப்பார். வழக்குரையில் (வழக்குத் தொடுப்பவர் தாக்கல் செய்யும் ஆவணத்தில்) வழக்குமூலம், அதாவது வழக்குத் தொடரக் காரணமான நிகழ்வு, எழுந்த நாளைக் குறிப்பிடத் தவறினால், அந்தப் பத்தியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, முழுவதையும் மீண்டும் எழுதி வரச் சொல்வார். அந்தக் கண்டிப்புக்காகவே கட்டணம் கட்டலாம் என்பேன்.

நூலகத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து ஒரு பருவம் முடிந்த பின்னும், அலமாரியில் பழைய தண்டனைச் சட்டத்தின் பதிப்புகளே இருந்தன. தீர்ப்புகளைத் தேடிப் படிக்க இணையவழிச் சந்தாவும் கிடையாது. சீனியர் ஒருவரின் தயவில் வழக்கறிஞர் சங்க நூலகத்துக்குப் போய்த்தான் படித்தோம். ஆசிரியர்களும் நிலைப்பதில்லை, சொத்து மாற்றுச் சட்டத்தை ஒருவர் தொடங்க, வேறொருவர் அவசர அவசரமாக முடித்தார்.

வேலைக்குப் போய்க்கொண்டே பட்டம் வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது, ஏனெனில் 70 சதவீத வருகைப்பதிவில் நிர்வாகம் விட்டுக்கொடுப்பதில்லை. மாவட்ட நீதிமன்றம் நடந்து செல்லும் தொலைவில் இருப்பதால் 12 வாரக் களப்பயிற்சிக்கு அலைச்சல் இல்லை. ஆனால் சேர்த்துக்கொள்ளும் வழக்கறிஞரை நாமேதான் தேடிப் பிடிக்க வேண்டும். நிறுவனங்கள் வளாகத்துக்கு வந்து ஆளெடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுமுன், சட்டக் கல்வியை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் அனுமதி அந்தக் கல்வியாண்டுக்கு உள்ளதா என்பதைக் கடிதத்தைக் காட்டச் சொல்லி உறுதிசெய்துகொள்ள வேண்டும். அங்கீகாரம் இல்லாத பட்டத்தை வைத்துக்கொண்டு வழக்கறிஞராகப் பதிவுசெய்ய இயலாது.