ஃபேர்னஸா, ஹீற் பம்பா, இரண்டுமா? ரொறன்ரோ வீடொன்றின் வெப்பச் செலவுக் கணக்கு

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் குளிரூட்டி பழுதாகிவிட்ட வீட்டுக்காரர் ஒருவருக்கு இன்று மூன்று வழிகள் உண்டு. எரிவாயு ஃபேர்னஸை (எரிவாயுவை எரித்து வீட்டுக்குள் சூடான காற்றை அனுப்பும் கருவி) அப்படியே வைத்துக்கொண்டு புதிய குளிரூட்டி மட்டும் போடலாம். குளிரூட்டியின் இடத்தில் ஹீற் பம்ப் (குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்து, கோடையில் உள்வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம்) பொருத்தி, கடுங்குளிருக்கு மட்டும் ஃபேர்னஸைத் துணையாக விட்டுவைக்கலாம். இரட்டை எரிபொருள் முறை என்பது இதுதான். அல்லது எரிவாயுவையே துண்டித்துவிட்டு, கடுங்குளிரைத் தாங்கும் ஹீற் பம்புடன் முழுமையாக மின்சாரத்துக்கு மாறலாம். விற்பனையாளர்கள் இரண்டாவது வழியை இரு பக்க நன்மையும் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்த நன்மை எல்லா வீட்டுக்கும் கிடைப்பதில்லை.

முதலில் எரிபொருளின் விலையைப் பார்ப்போம். ஒரு கனமீற்றர் இயற்கை எரிவாயுவில் ஏறத்தாழ 10.4 கிலோவாட் மணி வெப்பம் அடங்கியிருக்கிறது. 95 சதவீதத் திறனுள்ள ஃபேர்னஸ் அதில் 9.9ஐ வீட்டுக்குள் சேர்க்கும். பயன்பாட்டோடு ஏறி இறங்கும் கட்டணங்கள் எல்லாம் சேர்ந்து கனமீற்றருக்கு 45 சதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோவாட் மணி வெப்பத்துக்கு ஏறத்தாழ 4.55 சதம் செலவாகும். மின்சாரம் கிலோவாட் மணிக்கு 15 சதம் என்றால், ஹீற் பம்ப் ஒரு பங்கு மின்சாரத்தில் 3.3 பங்கு வெப்பம் தந்தால்தான் இரண்டும் சமமாகும். வெளியே 8 பாகை செல்சியஸ் இருக்கும்போது நல்ல இயந்திரம் அந்த அளவை எட்டும். பூச்சியத்துக்குக் கீழே போகப் போக அது குறைந்து, −15 பாகையில் இரண்டு பங்கு அளவுக்கு வந்துவிடும். ஆகவே நாள் முழுவதும் ஒரே மின்கட்டணம் என்றால், ரொறன்ரோவின் சனவரி மாதத்தில் எரிவாயுவே மலிவு.

2024இல் எழுதப்பட்ட பல ஒப்பீடுகள் ஹீற் பம்புக்குச் சாதகமாக முடிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அப்போது கனமீற்றருக்கு 15.25 சதம் கரிம வரியாகச் சேர்ந்திருந்தது. மேற்சொன்ன கணக்கில் அதைச் சேர்த்தால் சமநிலைப் புள்ளி 3.3இலிருந்து 2.5க்கு இறங்கும். 2025 ஏப்ரல் முதலாம் தேதியுடன் வீட்டு எரிபொருளுக்கான அந்த வரி நீங்கிவிட்டது. பழைய அட்டவணையை இன்று யாராவது நீட்டினால், தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் ஒன்ராறியோவில் 2023இலிருந்து இன்னொரு மின்கட்டணத் திட்டமும் இருக்கிறது. அதில் இரவு 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை மின்சாரம் மிக மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதன் விலை ஏறத்தாழ பத்து மடங்கு. விநியோகச் செலவையும் சேர்த்து இரவு விலையை 7 சதமாக எடுத்துக்கொண்டால், ஹீற் பம்ப் 1.5 பங்கு வெப்பம் தந்தாலே போதும். கடுங்குளிருக்கென்று வடிவமைக்கப்பட்ட இயந்திரம் −15 பாகையிலும் அதைத் தரும். மாலை நேரத்திலோ எந்த இயந்திரத்தாலும் எரிவாயுவை வெல்ல முடியாது. இரட்டை எரிபொருள் முறையின் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து: வெளி வெப்பநிலையைப் பார்த்து மாறுவதைவிட நேரத்தைப் பார்த்து மாறுவதில்தான் பணம் மிஞ்சும். ஆனால் பொருத்துபவர்கள் பெரும்பாலும் வெப்பநிலையை மட்டும் அமைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நேரத்தின்படியும் மாறக்கூடிய கட்டுப்பாட்டுக் கருவியைக் கேட்டு வாங்காவிட்டால், இந்தத் திட்டத்தில் சேர்ந்து பெரிதாகப் பயனில்லை.

இனி ஓர் ஆண்டுக் கணக்கு. ஆண்டுக்கு 15,000 கிலோவாட் மணி வெப்பம் தேவைப்படும் வீடு என்று கொள்வோம். எரிவாயு மட்டும் என்றால் எரிபொருளுக்கு 682 டொலர், இணைப்புக்கான மாதாந்த நிலைக்கட்டணம் ஆண்டுக்கு 280 டொலர், மொத்தம் 962. இரட்டை முறையில் வெப்பத்தின் 40 சதவீதத்தை இரவு மின்சாரத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ 105 டொலர் மிஞ்சும். நிலைக்கட்டணம் அப்படியே தொடர்வதால் மொத்தம் ஏறத்தாழ 857. முழு மின்சார முறையில், சாதாரணக் கட்டணத்தில் சராசரியாக 2.6 பங்கு வெப்பம் கிடைத்தால் செலவு 865 டொலர். எரிவாயு இணைப்பே இல்லையென்பதால் நிலைக்கட்டணமும் இல்லை. ஆகவே பின்னிரண்டு முறைகளுக்கும் செலவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் சுடுநீர்த் தொட்டி எரிவாயுவில் ஓடினாலோ, எரிவாயு அடுப்பில்லாமல் குழம்பு சரிவராது என்று வீட்டில் ஒருவர் பிடிவாதமாக நின்றாலோ, அந்த 280 டொலர் திரும்ப வந்து செலவு 1,145 ஆகிவிடும். மூன்றிலும் மோசமான தேர்வு அதுவே.

முழு மின்சாரத்துக்கு வேறொரு தடையும் உண்டு. கடுங்குளிரில் ஹீற் பம்புக்குத் துணையாக வைக்கும் 15 கிலோவாட் மின்சூடேற்றி 240 வோல்ட்டில் 62 அம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வீடுகளில் 100 அம்பியர் மின்பலகையே இருப்பதால், அதை மாற்றும் செலவும் சேர்ந்துகொள்ளும். இரட்டை முறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. 2013 டிசம்பர் பனிமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறத்தாழ மூன்று லட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் புரியும்: ஃபேர்னஸின் காற்றாடிக்குச் சிறிய மின்பிறப்பாக்கி போதும், மின்சூடேற்றிக்குப் போதாது.

ஆண்டுக்கு 105 டொலர் மிச்சம், இயந்திரத்தின் ஆயுள் 15 ஆண்டு என்றால், குளிரூட்டியைவிட ஹீற் பம்புக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தகுந்தது ஏறத்தாழ 1,500 டொலர்தான். விலைக்கேள்வியில் வித்தியாசம் 3,000 டொலராக இருந்தால் அது திரும்பி வர 28 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே குளிரூட்டி எப்படியும் மாற்றப்பட வேண்டியதாகவும், ஃபேர்னஸ் பத்து வயதுக்குள்ளும் இருக்கும் வீட்டுக்கே இரட்டை முறை பொருந்தும். நன்றாக ஓடும் குளிரூட்டியைக் கழற்றிவிட்டு இதைப் போடுவது வீண்.

குழாய் எட்டாத கிராமப்புறத்தில் புரொப்பேன் எரிப்பவர்களுக்குக் கணக்கே வேறு. லீற்றருக்கு 7 கிலோவாட் மணி. விலை 90 சதம் என்றால், அதே 95 சதவீதத் திறனில் ஒரு கிலோவாட் மணி வெப்பம் 13.5 சதத்துக்கு வருகிறது. அங்கே ஹீற் பம்ப் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் வெல்லும்; தொட்டியிலுள்ள புரொப்பேன் மிகக் கடுமையான சில நாட்களுக்கு மட்டும் போதும்.