மாத நாவல்கள் இன்னும் வாடகைக்குக் கிடைக்கிற மாம்பலத்துக் கடை

ஆரியகௌடா ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாவு மில்லுக்கும் தையல் கடைக்கும் நடுவே இருக்கிறது இந்த வாடகை நூலகம். பெயர்ப்பலகையில் பெயர் வெயிலிலும் மழையிலும் போய்விட்டது. ‘நூலகம்’ என்ற நாலு எழுத்து மட்டும் மிச்சம். அயோத்யா மண்டபத்து வாசலில் நின்று “பழைய கதைப் புத்தகக் கடை எங்கே” என்று கேட்டால் பூக்காரம்மாவே கை காட்டுவார். உள்ளே ஒரே அறை. மூன்று சுவரிலும் மேல்தளம் வரை புத்தகம், நடுவில் ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு மர ஏணி. அதற்கு மேல் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும்.

நான் ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தில் 1984 முதல் 2010 வரை புரூஃப் பார்த்தவள், அதாவது அச்சாகும் முன் பிழை திருத்தினவள். மாதா மாதம் இதழ் மாதிரி வருகிற மாத நாவல்களில் நாலைந்தாவது என் மேஜையைத் தாண்டித்தான் பெட்டிக்கடைக் கயிற்றில் போய்த் தொங்கும். அதனால் இந்தக் கடையைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இங்கே புத்தகங்கள் அகர வரிசையில் இல்லை. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் ஒரு ராக், அல்லது பாதி ராக். அதற்குள் வருடம், மாதம் பார்த்து அடுக்கியிருக்கிறார் கடைக்காரர். 1986 ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று முதுகுப்பக்கமாக விரலை ஓட்டிக்கொண்டே போகலாம். ஒரு கிரைம் எழுத்தாளர் இருபது வயதுகளில் எப்படி எழுதினார், பெயர் வந்த பிறகு எப்படி எழுதினார், மாதம் மூன்று நாவல் கேட்டு நெருக்கினபோது எப்படி எழுதினார் என்பதெல்லாம் அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். பெரிய நூலகங்களில் இது கிடைக்காது. அங்கே மாத நாவலைப் புத்தகமாகவே பலர் மதித்ததில்லை. பதிப்பகங்கள் இப்போது நாலைந்து நாவல்களை ஒன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டையில் போடுகிற தொகுப்புகளிலும் கிடைக்காது. அவற்றில் முதலில் வெளிவந்த மாதமும் வருடமும் பாதி நேரம் இருப்பதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை அச்சகத்தில் இருந்தவர்கள் சொன்னால்தான் உண்டு. மாத நாவல் என்பது ஃபாரம் கணக்கு, அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கிற பக்கங்களின் கணக்கு. ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம் என்றால், 96 பக்க நாவலுக்கு ஆறு ஃபாரம். கதை 99 பக்கம் வந்தாலும் ஆறு ஃபாரம்தான், 91 பக்கம் வந்தாலும் ஆறு ஃபாரம்தான். விலையும் காகிதமும் அப்படித்தான் தீர்மானிக்கப்பட்டிருக்கும். கதை குறைந்தால் வாசகர் கடிதம், ஜோக், அடுத்த மாத நாவலுக்கு முழுப்பக்க விளம்பரம் என்று நிரப்புவோம். கதை கூடிப்போனால் கடைசி அத்தியாயத்தை 11 பாயிண்டிலிருந்து 9 பாயிண்டுக்கு இறக்குவோம். அதுவும் பற்றாவிட்டால் ஆசிரியர் எழுத்தாளருக்கு எஸ்.டி.டி. போட்டு, “சார், ஒரு பக்கம் குறைக்கணும்” என்பார். எதிர்முனையில் அவர் வாய்மொழியாகவே இரண்டு பத்திகளை அடிக்கச் சொல்வார். கொலைகாரன் ஏன் கொலை செய்தான் என்பதை அவனே ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற கடைசிப் பக்கங்கள் உண்டே, அவற்றில் எத்தனையோ அப்படி வெட்டுப்பட்டவை. எழுதத் தெரியாமல் அப்படி முடித்தார்கள் என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

இந்தக் கடையில் அந்தப் பொடி எழுத்துக் கடைசி அத்தியாயங்களை அப்படியே பார்க்கலாம். மறுபதிப்பில் எல்லாம் ஒரே அளவு எழுத்தாகிவிட்டது. நிரப்பிய பக்கங்களும் போய்விட்டன. வாசகர் கடிதப் பகுதி எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்லி மாளாது. ‘52ஆம் பக்கத்தில் பூட்டிய கதவு 60ஆம் பக்கத்தில் எப்படித் திறந்திருந்தது?’ என்று சின்ன ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டு எழுதுவார்கள். அந்தத் தவறைக் கோட்டைவிட்டது நானாகவும் இருக்கலாம். அந்தக் கடிதங்களைப் பயந்து பயந்து படித்திருக்கிறேன்.

மாத நாவல் மட்டுமில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாரா வாரம் பிரித்தெடுத்து வீட்டிலேயே பைண்டு பண்ணி வைப்பார்களே, அந்த மாதிரி தொகுதிகள் நாற்பதுக்கு மேல் இங்கே இருக்கின்றன. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கொடுத்துவிட்டுப் போனவை. அதில் ஒன்று சுஜாதாவின் ‘நைலான் கயிறு’. 1968இல் குமுதத்தில் வந்தது. வக்கீல் கணேஷ் அதில்தான் முதலில் வருகிறார், ஜூனியர் வசந்த் இல்லாமல். வசந்தின் அரட்டையோடு பழகிவிட்ட நமக்குக் கணேஷ் தனியாக யோசிக்கிற பக்கங்கள் வேறு ஆள் எழுதினது மாதிரி இருக்கும். அங்கிருந்து தொடங்கி வருட வாரியாக வந்தால், அந்த ஜோடி ஏன் தேவைப்பட்டது என்பது புரிகிறது. துப்பறிகிறவர் தன் மனசுக்குள் யோசிப்பதை இன்னொருவரிடம் பேச்சாக மாற்றிவிட்டால் வாசகன் கூடவே வருவான். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வேலையையும் பார்த்துக்கொண்டு இதில் பெரும்பகுதியை எழுதியிருக்கிறார் மனிதர்.

ராஜேஷ்குமார் ராக் ஒரு சுவரில் முக்கால்வாசி. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு 1500க்கும் மேல் நாவல் எழுதியவருக்கு அது போதாதுதான். அவர் கதைகளில் இரண்டு தண்டவாளம் ஓடும். ஒரு அத்தியாயம் இங்கே, அடுத்த அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறு ஊரில், கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டும். நாலைந்து படித்தவர்கள் ‘எப்போதும் இதேதான்’ என்று சொல்லிவிடுவார்கள். வரிசையாக முப்பது எடுத்துப் படியுங்கள். தண்டவாளம் அதே. ஆனால் அதன் மேல் அந்தந்த வருடத்து விஞ்ஞானம் ஏறி உட்கார்ந்திருக்கும். தந்தியும் டிரங்க் காலும் இருந்த இடத்தில் பேஜர் வரும், பிறகு செல்போன் வரும், பிறகு டி.என்.ஏ. பரிசோதனை வரும். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இதற்காகவே இங்கு மூன்று மாதம் வந்துபோனாள். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் தமிழ் ஜனரஞ்சகக் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்துப் போட்டதே, அதைப் படித்துவிட்டு மூலத்தைத் தேடி வந்தவள். ஆங்கிலம் வழியாகவாவது வந்தாளே என்று எனக்குச் சந்தோஷம்.

இந்திரா சௌந்தர்ராஜன் ராக்கைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. 2024 நவம்பர் 10ஆம் தேதி மதுரையில் அவர் காலமான செய்தி வந்தது. மறுநாள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவருடைய புத்தகங்களை எல்லாம் இறக்கி நடு மேஜையில் அடுக்கியிருந்தார். வந்தவர்கள் யாரும் அன்று வாடகைக்கு எடுக்கவில்லை. புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு பெரியவர், “மர்மதேசம் ஓடுற நேரத்துல எங்க தெருவுல சைக்கிள் சத்தம்கூட கேக்காதும்மா” என்றார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 90களின் பிற்பாதியில் அவர் எழுதி, நாகா இயக்கிச் சன் டிவியில் வந்த அந்தத் தொடருக்காக நான் அச்சகத்தில் ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கோயில், சித்தர், ஏட்டுச்சுவடி, கிராமத்துக் காவல் தெய்வம் என்று அவர் எடுத்துக்கொண்டதை அதற்கு முன் நம் துப்பறியும் கதைகள் இவ்வளவு மரியாதையோடு தொட்டதில்லை. நம்புகிறவரையும் நம்பாதவரையும் ஒரே வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசவிட்டார்.

பார்ப்பதும் படிப்பதும் எப்படி ஒன்றையொன்று மாற்றின என்பதும் இந்த வரிசையில் தெரிகிறது. தனியார் டிவி வந்த பிறகான வருடங்களில் பலருடைய நாவல்களில் வர்ணனை சுருங்கிப் பேச்சு பெருகுகிறது. அத்தியாயங்கள் சீன் அளவுக்குக் குட்டையாகின்றன. சுபா என்ற பெயரில் சேர்ந்து எழுதின சுரேஷும் பாலகிருஷ்ணனும் சினிமாவுக்கு எழுதப் போனார்கள். வேறு சிலர் சீரியலுக்குப் போனார்கள். ராக்கில் அந்த வருடங்கள் இளைத்துக் கிடக்கும்.

நான் இப்போது ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஓடிடியில் கிரைம் தொடர்கள் பார்க்கிறேன். தமிழிலும் மலையாளத்திலும் நன்றாகவே எடுக்கிறார்கள். மழை, இருட்டு, போலீஸ்காரரின் சொந்த வாழ்க்கைத் துயரம் எல்லாம் எழுத்தில் பத்துப் பக்கம் எடுக்கும், திரையில் ஒரு பார்வையில் முடிந்துவிடுகிறது. ஆனால் எட்டு எபிசோடுக்கு இழுக்க வேண்டும் என்பதற்காக நாலாவதிலும் ஐந்தாவதிலும் கதை நின்றுவிடுகிறது. 96 பக்கத்தில் நிற்க இடமே கிடையாது. இன்னொன்று, அடுத்த எபிசோட் தானாகவே ஓட ஆரம்பித்துவிடுகிறது. கொலையாளி யார் என்று யோசிக்க நமக்கு ஐந்து விநாடி தருகிறார்கள். அந்தக் காலத்தில் வாரத் தொடருக்கு ஏழு நாள் இருந்தது. அச்சகத்தில் நாங்கள் டீ குடிக்கிற நேரம் முழுக்க அதைத்தான் பேசுவோம். இரண்டாவது எபிசோடிலேயே நான் ஆளைக் கண்டுபிடித்துச் சொல்லிவிடுகிறேன் என்று மகளுக்குக் கோபம். இத்தனை வருடம் புரூஃப் பார்த்தவளிடம் தேவையில்லாமல் ஒரு பொருளைக் காட்டினால், அது தேவையான பொருள் என்று தெரிந்துவிடாதா?

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். புது வரவு ராக் ஏமாற்றம். அதில் பாதி மறுபதிப்பு. ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி நடக்கிறது. இளம் எழுத்தாளர்களின் துப்பறியும் கதைகளும் திகில் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும் அங்கே புதிதாக வருகின்றன. அவை இந்தக் கடைக்கு வர ஆடி ஆகிவிடுகிறது. சில வருவதே இல்லை. கேட்டால், “விலை முந்நூறு, நானூறும்மா. வாடகைக்கு எடுத்து நாலு பேர் படிக்கலைன்னா போட்ட காசு வராது” என்கிறார். அவர் கஷ்டம் புரிகிறது. ஆனால் இப்போது எழுத வந்திருக்கிற பெண்கள் சிலர் அருமையாகப் பயமுறுத்துகிறார்கள். நேராக மின்னூலாகவே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. பத்துப் புத்தகமாவது வருடத்துக்கு வாங்கி வைத்தால்தான் அந்த ராக்கும் நாளைக்கு ஒரு வரிசையாகும். இதை அவரிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன். இன்னும் சொல்வேன்.

அடுத்தது பைண்டிங். 1995க்கு முந்தைய மாத நாவல்களில் நிறைய மூன்று மூன்றாகச் சேர்த்துத் தைத்து, ஓரம் வெட்டிக் காலிகோ துணி ஒட்டியிருக்கிறார்கள். அப்போது ராப்பர்களைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். ஜெயராஜும் மாருதியும் அரஸும் ஷ்யாமும் வரைந்த அட்டைகளுக்காகவே வாங்கினவர்கள் எத்தனை பேர்! கடைக்காரருடைய அப்பா காலத்தில் நடந்தது, இவரைச் சொல்லிக் குற்றமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த் தட்டுகள் முழுக்கப் போயின. இன்றும் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எதுவும் அடுக்குவதில்லை. மீதியிலும் வெள்ளிப்பூச்சி உண்டு. வீட்டுக்குக் கொண்டுபோனதும் வெயிலில் அரைமணி வைத்துவிட்டு எடுங்கள். அட்டவணை என்று எதுவும் கிடையாது, எல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. அவர் ஊருக்குப் போயிருந்தால் அவர் மனைவி, “அக்கா, நீங்களே பாத்து எடுத்துக்குங்க” என்று ஏணியைக் காட்டிவிடுவார்.

வாடகை நூலகத்தில் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஏற்கெனவே படித்ததைத் திரும்ப எடுத்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு வாசகரும் ஏதோ ஒரு பக்கத்தில் தன் அடையாளம் போட்டு வைப்பார்கள். ஒருவர் 33ஆம் பக்கத்தில் சின்னதாக ‘ஸ்ரீ’. இன்னொருவர் 50இல் பூஜ்யத்துக்குள் ஒரு புள்ளி. என் அம்மாவுக்கு 27ஆம் பக்கம், எண்ணுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அம்மா 2011 வரை இங்கே உறுப்பினர். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் முதலில் 27ஐத்தான் பார்க்கிறேன். கோடு இருந்தால் அம்மா படித்தது. இல்லையென்றால், இது அம்மாவுக்குப் பிடித்திருக்குமா என்று நினைத்துக்கொண்டே படிப்பேன். ஒரு நாவலில் அம்மாவின் கோடு இரண்டு தடவை இருக்கிறது, மறந்துபோய் மறுபடி எடுத்திருக்கிறார். நான் புரூஃப் பார்த்த நாவல் அது.

இனி போகிறவர்களுக்கு: முன்பணம் 500 ரூபாய், விலகும்போது திருப்பித் தருகிறார். மாத நாவலுக்கு மூன்று நாளைக்கு 10 ரூபாய். கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு விலையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு வாரம். பைண்டு பண்ணின பழைய தொடர்களை வீட்டுக்குத் தருவதில்லை, அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அவை மேல் தட்டில் இருப்பதால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், அவருக்கு முட்டிவலி, ஏணியில் ஏற பையனை வரச்சொல்ல வேண்டும். காலை பத்து முதல் ஒன்று, மாலை ஐந்து முதல் எட்டரை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கூட்டம். சில்லறையோ ஜிபேயோ இரண்டும் சரி. ராஜேஷ்குமாரின் 1989ஆம் வருட வரிசையில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டும் இந்த வாரம் என்னிடம் இருக்கின்றன. வியாழக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன்.