நொறுங்கும் ஏரோஜெல்லுக்கு எந்தப் பாலிமர் சட்டை?

சிலிக்கா ஏரோஜெல், அதாவது உள்ளெல்லாம் காற்றுத் துளைகளாக இருக்கும் மிக லேசான திடப்பொருள், நகம் பட்டாலே விள்ளும். உள்ளே பார்த்தால் நானோ மணிகள் கோத்த மாலை. மணியும் மணியும் தொடும் மெல்லிய கழுத்துதான் முறிகிறது. துளையை அடைக்காமல் அந்தக் கழுத்தை மட்டும் தடிக்க வைப்பதே பாலிமர் பூச்சின் வேலை.

முதல் தேர்வு ஐசோசயனேட், பாலியூரித்தேன் செய்யும் அதே சரக்கு. வேதியியலாளர் நிக்கோலஸ் லெவென்டிஸ் குழு 2002-ல் வெளியிட்ட வழி இது: அடர்த்தி சுமார் 3 மடங்கு ஏறியது, உடைக்கத் தேவைப்பட்ட விசையோ 100 மடங்கைத் தாண்டியது. வெறும் சிலிக்காவை விட, அமீன் (நைட்ரஜன் கொண்ட காரத் தொகுதி) ஏற்றிய சிலிக்காவில் இது வேகமாகப் பிடிக்கும். அளவு: சிலிக்கா தரும் டெட்ராமெத்தாக்சிசிலேன் 3 பங்குக்கு, அமீன் தரும் அமினோபுரோப்பைல் ட்ரைஎத்தாக்சிசிலேன் 1 பங்கு. அமீனே காரம் என்பதால் ஜெல்லாக்க அம்மோனியா வேண்டாம். ஆனால் உலர்பனியில் குளிர வைத்துக் கலக்காவிட்டால் அச்சில் ஊற்றுமுன் குவளையிலேயே ஜெல்லாக இறுகிவிடும். இறுகிய ஈர ஜெல்லைத் தண்ணீர் போக அசிட்டோனில் 4 முறை கழுவி, ஐசோசயனேட் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, மூடிய கலத்தில் 55 டிகிரியில் 3 நாள் வைக்க வேண்டும். மீண்டும் கழுவி, மீஉய்ய (திரவம், வாயு என்ற வேறுபாடு மறைந்த நிலையிலுள்ள) கார்பன் டை ஆக்சைடில் உலர்த்தலாம்.

சறுக்குவது பெரும்பாலும் கழுவலில்தான். தண்ணீர் கொஞ்சம் மிஞ்சினால் நல்லது: ஐசோசயனேட் அமீனாக மாறி, யூரியா சங்கிலி நீண்டு பூச்சு தடிக்கும். நிறைய மிஞ்சினால் துளை அடைபடும், குளியலில் வெள்ளைக் கட்டி மிதக்கும். ஐசோசயனேட் மூச்சுக்குழலுக்கு ஆகாது. புகைபோக்கிப் பெட்டிக்கு வெளியே திறக்கவே கூடாது.

ஈரத்தில் நிற்க வேண்டிய துண்டு என்றால் பாலிஸ்டைரீன். அமீனோடு குளோரோமெத்தில்ஸ்டைரீனைப் பிணைத்துவிட்டு, ஸ்டைரீனை ஏஐபிஎன் என்ற தொடக்கி கொண்டு 75 டிகிரி வாக்கில் பாலிமராக்குவார்கள். நீர்த்துளி 120 டிகிரிக்கு மேல் கோணத்தில் உருண்டு நிற்கும். இதற்குக் கொடுக்கும் விலை பொறுமை: கடையில் வாங்கும் ஸ்டைரீன் தானே பாலிமராகாமல் இருக்கச் சேர்த்த தடுப்பானை அலுமினாவில் வடிக்க வேண்டும், ஆக்சிஜனை நைட்ரஜனால் விரட்ட வேண்டும். குளியல் பாகுபோல் இறுகுமுன் துண்டை எடுத்து டொலுவீனில் கழுவாவிட்டால் அதை வெட்டித்தான் எடுக்கணும். 100 டிகிரியை நெருங்கினால் பாலிஸ்டைரீன் இளகும். சூடான இடத்துக்கு ஐசோசயனேட்டே மேல்.

ஏற்கெனவே உலர்ந்த துண்டு கையில் இருந்தால் இரண்டு வழியும் மூடப்பட்டுவிட்டது. திரவத்தில் நனைத்த கணமே நுண்துளை இழுவிசை அதை நசுக்கிவிடும். அப்போது சூப்பர் குளூவின் சரக்கான சயனோஅக்ரிலேட்டை ஆவியாக ஏற்றலாம். மேற்பரப்பில் ஒட்டிய ஈரமே அதைப் பாலிமராக்கும். தடித்த துண்டில் ஓரம் கெட்டியாகவும் நடு மெல்லியதாகவும் போகும்.

வெப்பக்காப்பு மட்டும்தான் நோக்கம் என்றால் பூச்சே வேண்டாம். பூசாததன் வெப்பக்கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு சுமார் 0.02 வாட், நன்றாகப் பூசியது 0.04-ஐத் தொடும், கிட்டத்தட்ட தெர்மாகோல் கணக்கு. அதற்கு நார் கலந்த ஏரோஜெல் போர்வையை வாங்கிக்கொள்ளலாம்.