மாலைநேர பி.காம்.: மூன்றாண்டுப் படிப்பும் அதன்பின் இரண்டாண்டு வேலையும்

2021இல் பிளஸ் டூ முடித்து, சென்னையில் ஓர் உதவிபெறும் கல்லூரியின் சுயநிதிப் பிரிவில், இரண்டாம் ஷிஃப்டில் பி.காம். பொதுப் பிரிவில் சேர்ந்தேன். 2024இல் பட்டம் பெற்றேன். அதிலிருந்து இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். படித்து முடித்த கையோடு ஒரு படிப்பைப் பற்றிச் சொல்வதற்கும், அதை அன்றாடம் எடுத்துப் புழங்கிய பிறகு சொல்வதற்கும் நிறைய வேறுபாடு உண்டு என்பதால்தான் இவ்வளவு காலம் பொறுத்து எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாலைநேர பி.காம். நல்ல படிப்பு. ஆனால் வகுப்பறைக்கு வெளியே ஓர் உண்மையான கணக்குப் புத்தகம் உங்கள் கையில் இருந்தால்தான் அதன் முழுப் பலனும் கிடைக்கும்; வகுப்பறையை மட்டும் நம்பினால் பாதிதான் கிடைக்கும்.

நாங்கள் சேர்ந்த ஆண்டு கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வு நடக்கவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூவின் உள்மதிப்பீட்டிலிருந்து 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் தந்தார்கள். நான் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் வணிகவியல் பிரிவு படித்தவள். கல்லூரியில் பயிற்றுமொழி ஆங்கிலம். வகுப்பு பகல் ஒன்றரை மணிக்குத் தொடங்கி மாலை ஆறரைக்கு முடியும். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வந்துபோக, வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும்.

முதல் செமஸ்டரில் என்னைத் தடுமாற வைத்தது பாடமன்று, சொற்கள். பேரேடு, குறிப்பேடு, இருப்பாய்வு, அநாமத்துக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு என்று இரண்டு ஆண்டுகள் வாயில் உருண்ட சொற்களெல்லாம் ஒரே வாரத்தில் லெட்ஜர், ஜர்னல், டிரையல் பேலன்ஸ், சஸ்பென்ஸ் அக்கவுண்ட், பேலன்ஸ் ஷீட் என்று மாறிவிட்டன. தமிழ்வழியில் படித்து வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமும் எழுதி, அந்த நோட்டை ரயிலில் கைமாற்றிப் படித்தோம். தமிழ்வழியில் படித்தது ஒரு குறை என்று அன்று நினைத்திருந்தேன்; அது குறையன்று, கைமுதல் என்பதைக் கணக்குப்பதிவியல் எடுத்த பேராசிரியை காட்டிக்கொடுத்தார்.

பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கில் ஏன் டெபிட் எழுத வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் இருந்த குழப்பம். வீட்டு வரவு செலவு நோட்டில் அம்மா வந்த பணத்தை வரவு என்றுதான் எழுதுவார். பாடப்புத்தகமோ அதைப் பற்று என்கிறது. பேராசிரியை மளிகைக்கடைப் பற்று நோட்டிலிருந்து தொடங்கினார். “கடைக்காரர் உங்க பேர்ல பற்று எழுதறார்னா என்னம்மா அர்த்தம்? நீங்க ஒரு பொருளை வாங்கிட்டுப் போயிருக்கீங்க, அவருக்குத் தர வேண்டியிருக்கு. பெறுபவர் கணக்கில் பற்று, அவ்வளவுதான். ரொக்கப் பெட்டியையும் ஓர் ஆளா நினைச்சுக்கோங்க. பணத்தைப் பெட்டி வாங்கிக்கிச்சு, பெட்டி பேர்ல பற்று.” வங்கியில் நாம் பணம் கட்டும்போது செல்லேட்டில் (பாஸ்புக்கில்) ஏன் வரவு என்று அச்சாகிறது என்பதும் அதே மூச்சில் விளங்கிவிட்டது. அது வங்கியின் புத்தகம். அங்கே கொடுத்தவர் நாம், தருபவர் கணக்கில் வரவு. நம் ஊர்க் கடைகளில் புழங்கும் இந்தப் ‘பற்று’ என்ற சொல்லுக்குள்ளேயே விதி இருக்கிறது என்பதை ஆங்கிலவழியில் படித்து வந்த தோழிகளுக்குப் பிறகு நான்தான் விளக்கினேன்.

முதல் ஆண்டு முழுவதும் கணக்கைக் கையால்தான் போட்டோம். நீள நோட்டில் பென்சிலும் ஸ்கேலும் கொண்டு கோடு கிழித்து, இருபக்கமும் கூட்டிச் சமன் செய்து, கூட்டுத்தொகையின் கீழ் இரட்டைக் கோடு போட வேண்டும். கூட்டாண்மைப் பாடத்தில் கூட்டாளி சேர்க்கை, விலகல், கலைப்பு என்று ஒரு கணக்கே மூன்று பக்கம் ஓடும். நொடித்துப்போன கூட்டாளியின் மூலதனப் பற்றாக்குறையை மற்றவர்கள் எப்படிச் சுமப்பது என்ற 1904ஆம் ஆண்டின் கார்னர் எதிர் மர்ரே தீர்ப்புக்குக் கணக்குப் போடும்போது முழங்கை வலிக்கும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்யும் காலத்தில் இது எதற்கு என்று வகுப்பில் பலரும் கேட்டோம். அந்தக் கேள்விக்கான விடை எனக்குக் கல்லூரியில் கிடைக்கவில்லை, பாரிமுனையில் கிடைத்தது.

இரண்டாம் ஆண்டு தொடக்கத்தில், பாரிமுனையில் ஒரு மொத்த வியாபார ஹார்டுவேர் கடையில் காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை கணக்கு எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாம் ஷிஃப்ட் என்பதால்தான் அது முடிந்தது. கடையில் டாலி என்ற கணக்கு மென்பொருள் இருந்தது. எஃப்5 பட்டன் பணம் கொடுப்பதற்கு, எஃப்6 பெறுவதற்கு, எஃப்7 ஜர்னலுக்கு என்று கை இரண்டு நாளில் பழகிவிட்டது. மூன்றாம் வாரம் முதலாளி வங்கி அறிக்கையைக் கொடுத்து, “ஏம்மா, நம்ம கணக்குக்கும் பேங்க் கணக்குக்கும் ஒத்து வருதான்னு பாரு” என்றார். இன்னும் பணமாகாத காசோலைகள், வங்கிக் கட்டணம் எல்லாவற்றையும் சரிகட்டிய பிறகும் 1,800 ரூபாய் இடித்தது. ஆனால் எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளைக் கூட்டி ஒப்பிடும் டிரையல் பேலன்ஸோ டாலியில் இரு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தி நின்றது.

அரை மணி நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு, பிழை திருத்தப் பாடத்தில் பேராசிரியை சொன்னது நினைவுக்கு வந்தது: வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார். 1,800ஐ ஒன்பதால் வகுத்தால் 200. ஆயிரத்தின் இலக்கமும் நூறின் இலக்கமும் இடம் மாறி, அவற்றுக்கிடையே இரண்டு வித்தியாசம் இருக்க வேண்டும். காசோலைப் பதிவுகளை அந்தக் கண்ணோடு மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். 9,720 ரூபாய்க் காசோலை ஒன்று 7,920 என்று ஏறியிருந்தது. மென்பொருள் அந்தத் தவறான தொகையையே இரண்டு பக்கமும் எழுதியிருந்ததால் இருப்பாய்வு அசையவில்லை. கையால் பேரேடு எழுதியவருக்குத்தான், இருப்பாய்வு சமன்படுவது கணக்கு சரி என்பதற்குச் சான்றாகாது என்பது புரியும். விடு பிழை, செய் பிழை, விதிப் பிழை, ஈடுசெய் பிழை என்று மனப்பாடம் செய்ததெல்லாம் அந்தக் காலையில்தான் எனக்குப் பாடமாயிற்று. அன்றைக்குப் பிறகு நீள நோட்டைப் பற்றி நான் குறை சொன்னதில்லை.

எழுத்துப் பாடங்கள் ஆசிரியரைப் பொறுத்தவை. வணிகச் சட்டம் எடுத்தவர் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தைக் கதைபோல நடத்தினார். மோஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கில், உரிய வயது வராத ஒருவர் 20,000 ரூபாய்க் கடனுக்காகச் சொத்தை அடமானம் எழுதிக்கொடுத்தார். அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று 1903இல், அன்றைய இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இதைச் சொல்லிவிட்டு, “பதினேழு வயசுப் பையனுக்குத் தவணையில போன் கொடுத்த கடைக்காரர் நிலைமை என்னன்னு சொல்லுங்க” என்று கேட்டார். வகுப்பே விவாதத்தில் இறங்கிற்று. அதே ஆண்டில் மேலாண்மைப் பாடத்தை எங்களுக்கு நோட்ஸ் சொல்லி எழுத வைத்தார்கள். மேலாண்மை அறிஞர் ஃபயோலின் பதினான்கு கொள்கைகளைப் பதினான்கு பத்திகளாக எழுதினோம், தேர்வில் அப்படியே திருப்பி எழுதினோம். ஓர் அலுவலகத்தில் ஒருவருக்கு இரண்டு மேலதிகாரிகள் இருந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறையேனும் பேசியிருந்தால் அந்தப் பாடம் உயிர்பெற்றிருக்கும். இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அத்தனை நல்ல பொருள், அத்தனை மணிநேரம், எல்லாம் எழுத்துப்பயிற்சியாகப் போய்விட்டது.

தேர்வு முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்மதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. கணக்குத் தாள்களில் ஒழுங்காகப் பயிற்சி செய்தவருக்கு அரியர் வராது. எங்கள் வகுப்பில் பெரும்பாலான அரியர்கள் புள்ளியியலில்தான் விழுந்தன.

பணம், நேரம் இரண்டையும் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுயநிதிப் பிரிவில் கட்டணம் உதவிபெறும் பிரிவைவிட அதிகம். 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்து வந்த எங்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரத் தொடங்கியபோது, சீசன் டிக்கெட்டுக்கும் செராக்ஸுக்கும் அப்பாவிடம் கேட்கும் நிலை மாறியது. நேரம்தான் கடினம். காலையில் கடை, பகலில் கல்லூரி, இரவில் அசைன்மென்ட் என்று ஓடியதில் சி.ஏ. படிப்பின் முதல் கட்டத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதும் எண்ணத்தைக் கைவிட்டேன். வணிகவியல் பட்டதாரி 55 விழுக்காடு பெற்றிருந்தால் ஃபவுண்டேஷன் எழுதாமலே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டுக்குப் பதிவு செய்யலாம் என்பதை மூன்றாம் ஆண்டில் ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதை முதல் ஆண்டின் முதல் வாரத்திலேயே எல்லா மாணவர்களுக்கும் சொல்ல வேண்டும். மனக்கலக்கத்தில் பாதி குறைந்துவிடும். இப்போது நான் அந்த வழியில்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

படிப்பின் பெருங்குறை ஜி.எஸ்.டி.யில் தெரிந்தது. 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வரி. எங்களுக்கு ஒரு தாள் முழுவதும் இருந்தது. வரையறைகள், சாதகங்கள், பாதகங்கள் எல்லாம் எழுதினோம். ஆனால் ஒரு ரிட்டர்ன் எப்படி இருக்கும் என்பதை வகுப்பில் ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. அலுவலகத்தில் என் மாதமே அந்தத் தேதிகளால் ஆனது: 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் ஏற வேண்டும், 14ஆம் தேதி, சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் பட்டியலான 2பி வரும், அதில் இல்லாத பில்லுக்கு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) கழித்துக்கொள்ள முடியாது என்பதால் சப்ளையர்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்ய வேண்டும், 20ஆம் தேதிக்குள் 3பி என்ற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். இதை ஒரு கம்ப்யூட்டர் லேபில் மாதிரி பில்கள் பத்தைக் கொடுத்து மூன்று வகுப்புகளில் கற்றுத்தந்துவிடலாம்.

அதே நேரத்தில், பாடத்திட்டம் பழையது என்ற புகாரில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 2025 செப்டம்பர் 22இல் வரி விகிதங்கள் மாறி, பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்தன. சிமென்ட் 28இலிருந்து 18க்கு இறங்கியது. நான் மனப்பாடம் செய்த விகிதப் பட்டியல் அன்றே பழையதாகிவிட்டது. நான் படித்த 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் வந்துவிட்டது. முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரண்டுக்கும் பதிலாக வரி ஆண்டு என்ற ஒரே சொல். ஆனாலும், ஒரு செலவு முதலினச் செலவா (நீண்டகாலம் பலன் தருவதா) வருவாயினச் செலவா (அன்றாடச் செலவா) என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை. தேய்மானம் ஏன் கழிக்கிறோம் என்பது மாறவில்லை. மாறும் எண்களை அலுவலகம் கற்றுக்கொடுத்துவிடும். மாறாதவற்றைக் கற்க அந்த மூன்று ஆண்டுகளைப் போல் நிதானமான நேரம் பிறகு கிடைப்பதில்லை.

இந்த ஆண்டு சேர நினைப்பவர்கள், குறிப்பாக வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள், இரண்டாம் ஷிஃப்டைத் தயங்காமல் எடுக்கலாம். முதல் ஆண்டில் வேலைக்குப் போகாதீர்கள். அந்த ஆண்டில் கை கணக்கில் பழக வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு கடையோ ஆடிட்டர் அலுவலகமோ, சம்பளம் குறைவானாலும், பில்லும் வங்கி அறிக்கையும் கையில் புரளும் இடமாகத் தேடுங்கள். விண்ணப்பம் வாங்கப் போகும்போது கணக்குத் தாள்களை எடுப்பவர் நிரந்தர ஆசிரியரா, லேபில் டாலி உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் லேப் என்று கேளுங்கள். கடைசி வகுப்பு எத்தனை மணிக்கு விடுகிறது, அதற்கடுத்த ரயில் எது என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆறரைக்கு விட்டு ஆறு நாற்பது ரயிலைத் தவறவிட்டால் எங்கள் தடத்தில் அடுத்ததில் நிற்கக்கூட இடம் இருக்காது.