பேங்க் ஸ்டேட்மெண்ட்: பிடிஎஃப், சிஎஸ்வி, எம்டி940, கேம்ட்.053 – எதைக் கேட்டு வாங்குவது?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு டியூஷன் சென்டர், மாதக் கட்டணம் 150 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்தில் டூயிட்நாவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் வந்து விழும், எல்லாம் ஒரே தொகை. எந்தப் பிள்ளையின் கட்டணம் எது என்று சொல்ல, கூட வரும் ரெஃபரன்ஸைத்தான், அதாவது அனுப்புபவர் சேர்க்கும் அடையாளக் குறிப்பைத்தான், நம்ப வேண்டும். அது கணக்கு மென்பொருளுக்குள் முழுசாகப் போய்ச் சேர்ந்தால்தான் அது தானாகவே வரவுகளைப் பொருத்திக் கணக்கை ஒத்துப்பார்க்கும். அதனால் பேங்க் ஸ்டேட்மெண்ட் கிடைக்கும் நான்கு வடிவங்களையும் அந்த ரெஃபரன்ஸை வைத்தே எடை போடுகிறேன்.

பிடிஎஃப் ஆடிட்டருக்கானது. ஏழு ஆண்டு ஆவணம் வைத்திருக்க வேண்டிய சட்டக் கடமைக்கு உதவும், பத்திரமாக வையுங்கள். தானியங்கிப் பொருத்தத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பத்தி பிரித்த எளிய எழுத்து ஃபைல். எளிதாகக் கிடைக்கும், சிறிய கடைக்குப் போதும். ஆனால் பேங்குக்கு பேங்க் அமைப்பு மாறும். ஒன்றில் வரவும் செலவும் தனித்தனிப் பத்தி, இன்னொன்றில் ஒரே பத்தியில் கழித்தல் குறி. தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் இருந்தே ஆக வேண்டும் என்ற விதியும் கிடையாது. அதனால் நடுவில் இரண்டு வரி விடுபட்டாலும் ஃபைல் ஒன்றும் சொல்லாது. இதைவிடப் பெரிய ஆபத்து, அதை எக்செலில் திறந்து சேமிப்பது. முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும். கணினியின் அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகலாம். பேங்கிலிருந்து இறங்கிய ஃபைலைத் திறக்காமல் அப்படியே மென்பொருளுக்குக் கொடுங்கள் என்று கணக்கு எழுதும் ஒவ்வொருவரையும் கெஞ்சிக் கேட்பேன்.

எம்டி940, பேங்குகளுக்கு இடையே செய்தி அனுப்பும் அமைப்பான ஸ்விஃப்ட் வகுத்த பழைய வடிவம். இதில் எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு குறியீடு உண்டு – :60எஃப்: தொடக்க இருப்பு, :62எஃப்: இறுதி இருப்பு, :28சி: ஸ்டேட்மெண்ட் வரிசை எண். நேற்றைய இறுதியும் இன்றைய தொடக்கமும் சேரவில்லை என்றால், நல்ல மென்பொருள் அங்கேயே நின்றுவிடும். சிக்கல் ரெஃபரன்ஸில்தான். :61: வரியில் வாடிக்கையாளர் ரெஃபரன்ஸுக்கு 16 எழுத்துதான் இடம். மற்ற விவரமெல்லாம் :86: பகுதியில், 65 எழுத்து வீதம் ஆறு வரிக்குள் அடங்க வேண்டும். அதற்குள் எதை எங்கே வைப்பது என்பதில் பேங்குகள் ஒத்துப்போவதில்லை. இன்வாய்ஸ் எண் வரி முடிவில் இரண்டாக உடைந்தால் பொருத்தும் விதி தோற்றுவிடும்.

கேம்ட்.053, நிதிச் செய்திகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 20022 குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்எம்எல் ஃபைல், அதாவது ஒவ்வொரு விவரமும் பெயரிட்ட பெட்டிக்குள் வரும் எழுத்து ஃபைல். பணம் அனுப்பியவர் கொடுத்த ரெஃபரன்ஸுக்குத் தனிப் பெட்டி, அதில் 35 எழுத்து வரை. எதற்கான பணம் என்ற விவரத்துக்கு இன்னொரு பெட்டி. மொத்தமாக வந்த ஒரு தொகைக்குக் கீழே அதன் தனித்தனிப் பரிவர்த்தனைகளையும் அடுக்கலாம். பெட்டிகள் பல கட்டாயமில்லை என்பதுதான் குறை. பேங்க் காலியாக விட்டால் புது வடிவத்தால் ஒரு பயனும் இல்லை. பேங்கோடு ஒப்பந்தம் போடும் முன்பே உங்கள் சொந்தப் பரிவர்த்தனைகளோடு மாதிரி ஃபைல் கேளுங்கள்.

2025 நவம்பரில் எல்லை தாண்டிய பேங்க்–பேங்க் கட்டண உத்தரவுகள் ஐஎஸ்ஓ 20022க்கு மாறியபோது எம்டி940 ஒழிந்துவிடவில்லை. அதனால் பதறி மாற வேண்டியதில்லை. ஆனால் நீளமான விவரத்தைப் பழைய வடிவத்துக்குள் திணித்தால் கொஞ்சம் வெட்டுப்படும்.

சரி, யாருக்கு எது? ஒரே கணக்கு, குறைந்த பரிவர்த்தனை என்றால் சிஎஸ்வி போதும், இருப்பை மட்டும் ஒவ்வொரு முறையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று பேங்க் வைத்திருப்பவர் கேம்ட்.053 கேட்கட்டும். மென்பொருள் அதைப் படிக்காவிட்டால் எம்டி940. எதுவானாலும், தொகை மட்டும் பொருந்தியதை மென்பொருள் தானாகப் பதிய விடாதீர்கள். பரிந்துரையாகக் காட்டட்டும், ஒரு மனிதர் பார்த்து ஒப்புக்கொள்ளட்டும்.

மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கார்டு விற்பனைப் பணம் கட்டணம் கழித்து மொத்தமாக வரும்போது, ஒவ்வொரு பில்லும் ஸ்டேட்மெண்டில் இருக்காது. அதற்குக் கார்டு மெஷின் கொடுத்தவரின் செட்டில்மெண்ட் ரிப்போர்ட்டையும் தினமும் வாங்கியாக வேண்டும்.